தோன்றா எழுவாய்

இலேர் வெஸ்ரோலை முழுதாக வாசித்தவன்
இந்த மறைமாவட்டத்திலேயே நான் ஒருவன்தான்.
வாசிக்கச் சம்பளம் தந்தார்கள்.
ஆயர் இல்லத்தின் தணிக்கை அறை, வடக்கு ஜன்னல்;
எரிமலைக் கல்லில் எழுப்பிய கரிய பேராலயத்தின் நிழல்
பகல் இரண்டு மணிக்கே மேஜைக்கு வந்துவிடும்.
ஒரு சிவப்புப் பென்சில், பதினோரு நூல்கள்,
இருபத்தாறு வருடம்.

பாலாடைக்கட்டி வியாபாரியின் மகன் அவன்.
ஏழு வயதில் வகுப்பில் எழுந்து கேட்டானாம்:
நம் பிரெஞ்சில் மழை தானாகப் பெய்வதில்லை,
‘அவன் மழைக்கிறான்’ என்றுதான் சொல்ல வருகிறது,
யார் அந்த அவன்?
யாருமில்லை, வாக்கியம் சாயாமலிருக்க ஒரு முட்டு
என்றாள் ஆசிரியை.
யாருமில்லாதவனை ஏன் அவன் என்கிறோம் என்றான்.
மதியம்வரை சுவரைப் பார்த்து நின்றான்.

காயாத சட்டையைப் போல
அந்தக் கேள்வியை உடுத்திக்கொண்டே
குருமடத்துக்குப் போனான்,
அங்கியைக் கழற்றிய பிறகு கல்லூரிக்கும்.
முதல் நூலில் எழுதினான்:
யாரையாவது முன்னால் நிறுத்தாமல்
வாய் திறக்கத் தெரியாத பிராணி மனிதன்.
கடவுள் அந்த நிற்கும் இடம்.
அங்கே ஒருவர் நிற்கிறாரா என்பது என் கேள்வியல்ல;
அந்த இடத்தை
எவராலும் காலியாக விட முடிந்ததில்லை.

ஓரத்தில் எழுதினேன்: நாத்திகம்.

நாத்திகர்களோ
மழை என்று சொல்லும் ஒவ்வொரு தொழிலாளியின் வாயிலும்
இவன் சாமியைத் திணிக்கிறான் என்றார்கள்.
லியோன் கூட்டத்தில் அழுகிய முட்டைக்கோஸ் பறந்தது.
குனிந்து எடுத்தான்.
மேல் இலைகளை ஒவ்வொன்றாக உரித்துவிட்டு,
உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது என்று
கைப்பையில் வைத்துக்கொண்டான்.
இதை உளவுக் குறிப்பாக எனக்கு அனுப்பியவருக்கு
இதில் எது குற்றம் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு போர்.
பதினேழாம் ஆண்டு மார்ச்சில் ஒரு சிறு வெளியீடு,
மலிவுத் தாள், முப்பது பக்கம்:
செய்தித்தாள்கள் ‘வீழ்ந்தார்கள்’ என்கின்றன,
மழை விழுவதைப் போல, இலை விழுவதைப் போல.
வானத்துக்கே ஓர் அவனைத் தேடித் தந்த மொழி
இந்த ஒரு வினைக்கு மட்டும்
வீழ்த்தியவனின் பெயரை மறந்துவிட்டது.

கல்லூரி அவனை நீக்கியது.
மகன்களைப் பறிகொடுத்த தாய்மார்கள்
அவன் வீட்டுக் கதவில் துப்பிவிட்டுப் போனார்கள்.
என் தம்பி கஸ்பார் சொம் நதிக்கரையில்
வீழ்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.
வந்த கடிதத்திலும் அதே சொல்தான்.

அறிக்கையில் அந்தப் பக்கத்தைத்தான்
எல்லாவற்றிலும் கொடியது என்று எழுதினேன்.
எழுதி முடித்து
பேனாக்கத்தியால் அதை மெல்ல அறுத்தெடுத்து
என் செபநூலுக்குள் வைத்தேன்.
காலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை
விரல் தானாக அங்கே நிற்கும்.
மன்னிப்பு கேட்டேனா என்றால், இல்லை.
யாரிடம் கேட்பது?

அடக்கத்துக்கு மணி அடிக்கக் கூடாது என்று உத்தரவு;
அந்த உத்தரவையும் நான்தான் நகல் எடுத்தேன்.
போனேன். அங்கியில்லாமல், ஒரு கம்பளிக் கோட்டில்.
வாடகை பாக்கிக்காக வந்த வீட்டுக்காரி,
அவன் இறுதிவரை கடன் சொல்லிய ரொட்டிக்காரர்,
பழைய மாணவி ஒருத்தி, பெயர் ஒதில் என்று பிறகு அறிந்தேன்.
ஜெபம் சொல்ல ஆளில்லை.
சொல்லத் தெரிந்தவன் பின்வரிசையில்
கோட்டுப் பைக்குள் கைகளை வைத்துக்கொண்டு நின்றான்.

குழிவெட்டி மண்வெட்டியை ஊன்றி
வானத்தைப் பார்த்தார்.
‘அவன் மழைக்கிறான்,’ என்றார்,
இந்த ஊரில் எல்லோரும் சொல்வதைப் போலத்தான்.

ஒதில் சிரித்துவிட்டாள்.
சிரிப்பை அடக்க முடியாமல் கைக்குட்டையை வாயில் வைத்தாள்.
ரொட்டிக்காரர் அவளை முறைத்தார்.
எனக்கும் வந்தது, வாயின் ஒரு ஓரம்வரை.

செபநூல் பையில் நனைந்துகொண்டிருந்தது.
அந்தத் தாளின் மை மலிவானது, கரைந்துவிடும்
என்று தெரிந்தும்
குடையை விரிக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.